காரை நேரடியா வித்தேன்: எல்லாரும் டாக்ஸைக் கேட்டாங்க, ஆர்சியை ஒருத்தரும் கேக்கல

என் பழைய பெட்ரோல் காரை புரோக்கர் யாரும் இல்லாம நானே நேரா ஒருத்தருக்கு வித்தேன். வித்தது தெரிஞ்சதும் ஆபீஸ்லயும் சரி, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் சரி, எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "டாக்ஸ் எவ்ளோ கட்டின?" ஆர்சில பேர் மாறிடுச்சான்னு ஒரு ஆள் கூட கேக்கல. எனக்கு அது ஆச்சரியமாவே இருந்துச்சு, ஏன்னா இந்த வேலை முழுக்க எனக்கு டாக்ஸுக்காக ஒரு ரூபா கூட போகல, தூக்கம் போனதெல்லாம் நேம் டிரான்ஸ்ஃபருக்காகத்தான்.

முதல்ல டாக்ஸை முடிச்சிடுவோம், அது சின்ன விஷயம். நாம சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த காரோ பைக்கோ இந்திய வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துங்கற கணக்குல வராது, வீட்ல இருக்கற ஃப்ரிட்ஜ், சோஃபா வரிசையில வர்ற சொந்த உபயோகப் பொருள். அதனால அதை வித்தா கேபிடல் கெயின்ஸ் (சொத்து வித்த லாபத்துக்கான வரி) கிடையாது, அஞ்சு லட்சத்துக்கு வாங்கினதை ஆறு லட்சத்துக்கு வித்தாலும் கிடையாது (வித்துக் காட்டுங்க பாப்போம்). அதே மாதிரி எட்டுக்கு வாங்கி மூணுக்கு வித்தா அந்த அஞ்சு லட்சம் நஷ்டத்தை வேற எதுலயும் கழிக்கவும் முடியாது. நகை, ஓவியம் மாதிரி சிலதுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்ல. ஆனா நீங்க தொழில் பண்றவர், காரை தொழில் கணக்குல காட்டி வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சிருக்கீங்கன்னா கதையே வேற, வித்த காசை தேய்மானம் கணக்குப் போடற அந்த சொத்துத் தொகுப்போட மதிப்புல கழிச்சுக் காட்டணும், உங்க ஆடிட்டர்கிட்ட பேசிட்டு அப்புறமா வில பேசுங்க.

அடுத்தது ஜிஎஸ்டி. 2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடி பழைய வண்டிக்கு 18 சதவீதம்னு முடிவு பண்ணாங்க இல்ல, அன்னைக்கு ராத்திரியே நம்ம குரூப்ல எல்லாம் "பன்னெண்டுக்கு வாங்கி ஒம்பதுக்கு வித்தா மூணு லட்ச நஷ்டத்துக்கும் வரி கட்டணுமாம்"னு ஒரே ஒப்பாரி. அப்படி எதுவுமே சொல்லல. அந்த 18 சதவீதம் ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கறவங்க விக்கும்போது, அதுவும் அவங்களுக்கு வர்ற மார்ஜின் (வித்த விலைக்கும் வாங்கின விலைக்கும், தேய்மானம் கழிச்சிருந்தா புத்தக மதிப்புக்கும், உள்ள வித்தியாசம்) மேல மட்டும்தான், மார்ஜின் மைனஸ்ல போனா வரியே இல்ல. தேய்மானம் கழிச்ச கம்பெனி கார், புத்தகத்துல மதிப்பு 4 லட்சம், வித்தது 5 லட்சம்னா அந்த ஒரு லட்சத்துக்கு 18,000 ரூபா, அவ்ளோதான். சம்பளக்காரன் தன் காரை இன்னொரு சம்பளக்காரனுக்கு விக்கறதுல ஜிஎஸ்டி எங்கயுமே வராது. ஆனா ஒண்ணு, பழைய கார் வாங்கி விக்கற கம்பெனிக்காரங்க உங்க வண்டிக்கு ரேட் சொல்லும்போது அவங்க கட்டப்போற அந்த வரியையும் மனசுல வச்சுத்தான் சொல்வாங்க. நேரடியா வித்தா கொஞ்சம் கூட கிடைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்ஸ் சம்பந்தமா நிஜமாவே உஷாரா இருக்க வேண்டியது கேஷ் வாங்கறதுலதான். என்கிட்ட வாங்க வந்தவர் பக்கத்து மாவட்டத்துக்காரர், நல்ல மனுஷன், ஆனா முழுசா கேஷா தர்றேன்னு நின்னாரு. "சார் ரெண்டு லட்சத்துக்கு மேல கேஷ் வாங்கினா எனக்குத்தான் பிரச்சினை"ன்னு சொன்னேன், "அப்ப இன்னைக்கு ஒன்றரை, நாளைக்கு மீதி வாங்கிக்கோங்க சார்"ங்கறாரு. அது ஆகாது. ஒரே பரிவர்த்தனைக்காக எத்தனை தவணையா வாங்கினாலும் மொத்தம் 2 லட்சமோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா விதிமீறல்தான், அபராதம் வாங்கின தொகை அளவுக்கே போகலாம், அதுவும் கொடுத்தவருக்கு இல்ல வாங்கினவருக்கு, அதாவது விக்கற நமக்கு. கடைசியில பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் பண்ணாரு, அது எனக்கும் நல்லதாப் போச்சு, நாளைக்கு இந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா காட்டறதுக்கு பேங்க் என்ட்ரியும் விற்பனை ஒப்பந்தமும் போதும்.

இனி ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டத்துல ஓனர்னா யாருன்னு தெளிவா எழுதியிருக்கு, யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவர்தான் ஓனர். காசு யார் குடுத்தா, சாவி யார் கையில இருக்கு, பத்திரத்துல என்ன எழுதியிருக்குங்கறதெல்லாம் ரெண்டாம் பட்சம். 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல தீர்ப்பு சொன்னாங்க, அதுல ஒருத்தர் 2007லயே காரை வித்துட்டாரு, வாங்கினவர் இன்னொருத்தருக்கு வித்து, அவர் அடுத்தவருக்கு வித்து, அப்படியே கை மாறி கை மாறி 2009ல அந்தக் கார் ஆக்சிடென்ட் ஆச்சு. ஆர்சில மட்டும் முதல் ஆள் பேரே இருந்துச்சு. நஷ்ட ஈடு கட்ட வேண்டியது அந்த முதல் ஆள்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு, அடிபட்டவங்க ஒவ்வொரு கையா தேடிப் போய் யாரு கடைசி ஓனர்னு கண்டுபிடிச்சுட்டு இருக்க முடியாதுங்கறதுதான் காரணம். யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த முதல் ஆள் இடத்துல நம்மள வச்சுப் பாத்தா வயிறு கலக்குது.

எங்க மச்சானுக்கு இந்த அளவுக்குப் போகல, ஆனா அவன் பைக்கை வித்து வருஷக்கணக்கா ஆகியும் ஹெல்மெட் போடல, சிக்னல் தாண்டினான்னு செலான் மெசேஜ் அவன் போனுக்கே வந்துக்கிட்டு இருந்துச்சு. ஃபார்ம்ல வாங்கறவர் பேரை நிரப்பாம கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்திருந்தான், ஓப்பன் டிரான்ஸ்ஃபர்னு சொல்வாங்களே அது. வாங்கினது பழைய வண்டி வாங்கி விக்கற ஒரு கன்சல்டிங் ஆளு, அந்த ஆளு யாருக்கு வித்தாருன்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

அந்தக் கூத்தைக் கூட இருந்து பாத்ததாலதான் நான் ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தேன், நேம் டிரான்ஸ்ஃபரை வாங்கறவர் பொறுப்புல விடக்கூடாது, அது விக்கறவன் வேலை. வாங்கினவருக்கு வண்டி கையில இருக்கு, ஓட்டறாரு, அவருக்கு என்ன அவசரம்? அவசரம் நமக்குத்தான். சட்டமும் ரெண்டு பேர் தலையிலயும் தனித்தனியாத்தான் வச்சிருக்கு, ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள. வித்தவர் தெரிவிக்கறது ஃபார்ம் 29, வாங்கறவர் விண்ணப்பம் பண்றது ஃபார்ம் 30, அந்த 30லயும் நம்ம கையெழுத்து வேணும். நிறைய பேர் 29ஐயும் 30ஐயும் ஒரே கட்டா புரோக்கர் கையில குடுத்துட்டு வந்துடறாங்க, அவர் எப்ப ஆபீஸுக்குப் போறாரோ அப்பதான் ரெண்டும் போகும். 29 நம்ம சொந்தக் கடமை, வாங்கறவர் வரணும்னு காத்திருக்கத் தேவையே இல்ல, ஒரு காப்பிய நாமளே ரெஜிஸ்டர் தபால்ல ஆர்டிஓவுக்கு அனுப்பிட்டு ரசீதை பத்திரமா வச்சுக்கலாம். நான் அப்படித்தான் பண்ணேன். இதனால மட்டும் பேர் மாறிடாது, ஆனா சொல்ல வேண்டியதை நேரத்துக்கு நான் சொல்லிட்டேங்கறதுக்கு ஒரு தாள் கையில இருக்கும்.

ஆனா இந்த ஃபார்முக்கெல்லாம் போறதுக்கு முன்னாடி வண்டியோட ஜாதகத்தை நாமளே ஒரு தடவை பாத்துடணும். கவர்மென்டோட எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டா எல்லாம் வந்துடும். என் கார்ல லோன் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா ஆப்ல பாத்தா ஃபைனான்ஸ் கொடுத்த பேங்க் பேர் அப்படியே குந்திக்கிட்டு இருக்கு. லோன் கட்டி முடிச்சா ஹெச்பி (ஆர்சில இருக்கற அந்த லோன் பதிவு) தானா போயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, போகாது, பேங்க்ல என்ஓசியும் (பாக்கி இல்லைங்கற லெட்டர்) அவங்க கையெழுத்து போட்ட ஃபார்ம் 35ம் வாங்கி ஹெச்பி கேன்சல் பண்ணியாகணும். அந்த பேங்க் லெட்டருக்கு பொதுவா மூணு மாசம்தான் ஆயுசு, அதனால லோன் முடிஞ்ச அன்னைக்கு வாங்கி பீரோவுல வச்ச லெட்டர் இப்ப செல்லாது, திரும்ப அலையணும். என்னை இழுத்தடிச்சது இந்த ஒரு வேலைதான், வாங்க வந்த முதல் ஆள் இதுக்கே பொறுமை இல்லாம போயிட்டாரு.

இன்னொண்ணு மொபைல் நம்பர். இப்ப கவர்மென்டோட பரிவாகன் வெப்சைட்ல விண்ணப்பம் போட்டா ஓடிபி ஆர்சில பதிவான நம்பருக்குத்தான் போகும். ஷோரூம்ல வண்டி எடுக்கும்போது அவங்க என்ன நம்பரைக் குடுத்தாங்களோ, நீங்க அந்த சிம்மையே தூக்கிப் போட்டிருப்பீங்க. முதல்ல நம்பரை மாத்திக்கோங்க, அப்பதான் மிச்சமெல்லாம் நகரும். பாக்கி செலான் இருந்தா கட்டிடுங்க, இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் ரெண்டும் உயிரோட இருக்கணும். 15 வருஷம் தாண்டின வண்டியா இருந்தா ஆர்சியே காலாவதி ஆகியிருக்கும், அதை முதல்ல புதுப்பிச்சாகணும், புதுப்பிச்சா அடுத்த 5 வருஷத்துக்கு, பசுமை வரியும் சேந்து வரும். இந்தச் செலவை யார் ஏத்துக்கறதுன்னு வில பேசும்போதே பேசிடணும், அட்வான்ஸ் வாங்கினப்புறம் பேசினா சண்டைதான்.

நேம் டிரான்ஸ்ஃபருக்கு கவர்மென்ட் ஃபீஸ் எவ்ளோன்னு தெரிஞ்சா புரோக்கர் சொல்ற ரேட்டைக் கேட்டு சிரிப்பு வரும். மத்திய விதிப்படி காருக்கு 300 ரூபா, பைக்குக்கு 150 ரூபா, அதுக்கு மேல ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபா, அப்புறம் மாநிலம் போடற சேவைக் கட்டணம். லைஃப் டாக்ஸ் வண்டியோட போறது, மாநிலத்துக்குள்ள பேர் மாறும்போது அதைத் திரும்பக் கட்ட வேண்டியதில்ல. புரோக்கரே வேணாம்னு நான் சொல்லல, நேரமில்லாதவங்க குடுக்கட்டும், ஆனா அந்த ஆளு "அண்ணே நீங்க கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்"னு காலி ஃபார்மை நீட்டினா மட்டும் கையை எடுத்துடுங்க. வாங்கறவர் பேர், அட்ரஸ், தேதி, தொகை எல்லாம் நிரப்பினதுக்கு அப்புறம்தான் கையெழுத்து, போட்ட எல்லாத்தையும் அங்கேயே போட்டோ எடுத்துக்கோங்க. என்கிட்ட வாங்கினவர் கூட்டிட்டு வந்த ஆளு முகம் சுளிச்சாரு, சுளிக்கட்டும்.

வாங்கறவர் லோன் போட்டு வாங்கறாருன்னா, நிஜமா சொல்றேன், சந்தோஷப்படுங்க. பணம் லேட்டாகுமேன்னு யோசிக்காதீங்க. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அவங்க பேர் ஆர்சில ஏறணும், அது ஏறணும்னா வாங்கினவர் பேர் ஏறணும், அதனால நமக்கு இருக்கறதை விட அவங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. கேஷ் பார்ட்டியைப் போன் பண்ணிப் பண்ணி நினைவுபடுத்தற வேலை இதுல இல்ல.

வண்டியைக் குடுத்த அன்னைக்கு நான் ஒரு டெலிவரி நோட் எழுதினேன், ரெண்டு காப்பி. அதுல வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கிலோமீட்டர் ரீடிங், தொகை எப்படி வந்துச்சு, அப்புறம் முக்கியமா குடுத்த தேதியும் நேரமும், மணி நிமிஷத்தோட. "இந்த நேரத்துக்கு அப்புறம் நடக்கற எதுக்கும் வாங்கினவரே பொறுப்பு"ன்னு ஒரு வரி. ரெண்டு பேர் கையெழுத்து, ரெண்டு சாட்சி, அவரோட ஆதார், லைசென்ஸ் காப்பி. இதை என்ன பெருசா சொல்றேன்னா, நேரம் எழுதாத டெலிவரி நோட்டுக்கு பாதி மதிப்புதான், சாயங்காலம் குடுத்த வண்டி அன்னைக்கு ராத்திரியே எதுலயாவது மாட்டினா தேதியை மட்டும் வச்சு என்ன பண்ணுவீங்க. போலீஸ் கேட்டாலோ கேமரா செலான் வந்தாலோ காட்டறதுக்கு இது உதவும். ஆனா அடிபட்ட மூணாவது ஆளு நஷ்ட ஈடு கேட்டு வந்தா இந்தத் தாள் நம்மளக் காப்பாத்தாது, மேல சொன்ன தீர்ப்பு அதுக்குத்தான். ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினா ஆர்சி மாறின மாதிரின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இதனாலதான் இன்ஷூரன்ஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. வண்டியைக் குடுத்த மறுநாளே பாலிசியை கேன்சல் பண்ணி மிச்சக் காசை வாங்கிடலாம்னு சில பேர் கணக்குப் போடறாங்க. பேர் மாறாத வரைக்கும் சட்டப்படி ஓனர் நீங்கதான், அந்த நேரத்துல பாலிசியும் இல்லாம வண்டி ரோட்ல ஓடி யாரையாவது இடிச்சா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பதிலா உங்க சொத்துதான் நிக்கும். விடுங்க, பாலிசி இருக்கட்டும். வண்டி கை மாறும்போது தேர்ட் பார்ட்டி கவர் (வண்டி இடிச்சு மத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கானது) சட்டப்படி வாங்கினவருக்குத் தானாவே போயிடும், ஆனா சொந்த வண்டிக்கான டேமேஜ் கவர் அப்படிப் போகாது, அதுக்கு அவர் 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு விண்ணப்பம் குடுத்து பாலிசியைத் தன் பேருக்கு மாத்திக்கணும். இதை நான் அவருக்கே உக்காத்தி வச்சுச் சொன்னேன், அவர் பாலிசி ஏற்கனவே இருக்கேன்னு நிம்மதியா இருந்தாரு பாவம்.

நோ கிளைம் போனஸ் மட்டும் நம்மளுது, வண்டியோடது இல்ல. அஞ்சு வருஷம் கிளைம் இல்லாம ஓட்டினவங்களுக்கு 50 சதவீதம் வரைக்கும் சேந்திருக்கும், அதை விட்டுக் குடுக்காதீங்க. கம்பெனில என்சிபி சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா 3 வருஷத்துக்குள்ள அடுத்து வாங்கற வண்டிக்குப் பயன்படுத்தலாம். நாம எடுத்துக்கிட்டா பாலிசி மாத்தும்போது வாங்கினவர்கிட்ட அந்த டிஸ்கவுண்ட் வித்தியாசத்தை வசூலிப்பாங்க, அதனால இதையும் முன்னாடியே சொல்லிடறது மரியாதை.

ஃபாஸ்டேக் நிறைய பேருக்கு நினைவே வராது. அதுல இருக்கறது நம்ம கேஒய்சி, நம்ம வாலட், சில பேருக்கு நேரா பேங்க் அக்கவுண்ட். வண்டியை மட்டும் குடுத்துட்டு டேக்கை அப்படியே கண்ணாடியில விட்டா அவர் டோல் தாண்டற ஒவ்வொரு தடவையும் நம்ம போன்ல டிங்குன்னு மெசேஜ் வரும். ஒரு வண்டிக்கு ஒரு டேக்குங்கறது இப்ப விதி, அதனால நம்ம டேக்கை மூடினாத்தான் அவர் புதுசு எடுக்க முடியும். டேக் குடுத்த பேங்க்ல சொல்லி மூடிடுங்க, டெபாசிட்டும் மிச்ச பேலன்ஸும் திரும்ப வந்துடும்.

வேற மாநிலத்துக்காரர் வாங்கறாருன்னா எனக்கு நேரடி அனுபவம் இல்ல, ஆனா ரூல் இதுதான், ஃபார்ம் 28 போட்டு நம்ம ஆர்டிஓல என்ஓசி (வண்டியை அந்த மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபம் இல்லைங்கற சான்று) வாங்கணும், தெரிவிக்கறதுக்கு 45 நாள் டைம், அங்க போய் அவர் புது நம்பர் வாங்கணும், அந்த மாநில வரியும் கட்டணும். நம்ம ஊர்ல கட்டின லைஃப் டாக்ஸ்ல மிச்ச காலத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம்னு இருக்கு, அதை யார் கேக்கறது, வந்தா யாருக்குங்கறதை ஒப்பந்தத்துலயே எழுதிக்கோங்க.

அப்பா பேர்ல இருக்கற ஸ்கூட்டரை அவர் போனதுக்கு அப்புறம் விக்கறவங்க தயவு செஞ்சு பழைய ஃபார்ம்ல அவர் கையெழுத்தை நீங்களே போடாதீங்க, ஊர்ல பாதி பேர் இதை ரொம்ப சாதாரணமா பண்றாங்க, அது போர்ஜரி. ஃபார்ம் 31னு இதுக்குன்னே இருக்கு, வாரிசு பேருக்கு முதல்ல மாத்திட்டு அப்புறம் விக்கலாம்.

பழைய கார் டீலர்கிட்ட விக்கறவங்களுக்கு 2023 ஏப்ரல்ல இருந்து ஒரு நல்ல வழி வந்திருக்கு. அங்கீகாரம் வாங்கின டீலரா இருந்தா அவர்கிட்ட ஃபார்ம் 29பி சர்டிபிகேட் இருக்கணும், வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சில போர்ட்டல்ல பதிவு பண்ணிட்டா அதுக்கப்புறம் அந்த வண்டிக்கு அவர்தான் ஓனர்னு கருதப்படுவாரு. டீலர்கிட்ட "29பி இருக்கா சார்?"னு கேளுங்க. நம்ம மச்சான்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போன மாதிரி ஆளுங்க அந்தக் கேள்விக்கே பேச்சை மாத்திடுவாங்க.

என் விஷயத்துல ஒரு சின்ன தொகையை பேர் மாறினப்புறம் தர்றதா நிறுத்தி வச்சுக்கறேன்னு வாங்கினவர் கேட்டாரு, நான் தலைகீழா கேட்டேன், முழுப் பணமும் அவர் குடுக்கணும், நான் ஒரு தொகையை என்கிட்ட வச்சிருந்து அவர் பேர்ல ஆர்சி வந்த அன்னைக்குத் திருப்பித் தர்றேன், ரெண்டு பேருமே கையெழுத்து போடலாம்னு. கொஞ்சம் யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் பாருங்க, அவரே ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து "சார் ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க"ன்னு போன் பண்றாரு. எதுக்கு வந்த ஓடிபின்னு மெசேஜை முழுசா படிச்சுட்டுத்தான் சொன்னேன், அதையும் சொல்லி வைக்கறேன். புது கார்டு தபால்ல அவர் அட்ரஸுக்குத்தான் போகும், நம்ம கைக்கு எதுவும் வராது, அதனால ஆப்ல நம்பரைப் போட்டு ஓனர் பேர் மாறியிருக்கான்னு நாமளே பாத்துக்கணும். மாறின அன்னைக்கு அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நோட்டோட சேத்து வச்சுட்டு, நிறுத்தி வச்ச தொகையை அவர் அக்கவுண்டுக்கு அனுப்பினேன்.